செருப்புத் தக்கை

டப்பா மூடிப் பட்டறையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. பன்னிரண்டு பிரஸ் மிஷினும் ஒன்றாகத் தட்டும்போது, தொண்டை கிழியக் கத்தினாலும் எதிரில் இருப்பவருக்கு வாயசைவுதான் தெரியும். அதனால் உட்காரும் மிஷினின் நம்பரே பெயர். அதையும் விரலால்தான் சொல்ல வேண்டும். ஆறு என்றால் ஒரு கையை விரித்து மறு கையில் கட்டைவிரல். ஏழு என்றால் ஒரு கையை விரித்து மறு கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். புதிதாக வருகிறவர்கள் இரண்டு நாள் குழம்புவார்கள். மூன்றாம் நாள் வீட்டில் பிள்ளைகளிடமும் விரலால் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வேலை என்னவோ பெரிய வித்தை இல்லை. வட்டத் தகடு ஒன்றை வலது கையால் எடுத்துக் கீழ் அச்சில் வைக்க வேண்டும். கையை வெளியே எடுத்து, மிஷினின் இரண்டு பக்கமும் உள்ள பச்சைப் பொத்தான்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். மேல் அச்சு இறங்கி ஒரு தட்டுத் தட்டும். தகடு டப்பா மூடியாகிவிடும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் வலது பொத்தானில் எதையாவது செருகி, அமுங்கியபடியே நிறுத்திவிட்டால், இடது கையால் தட்டிக்கொண்டே வலது கையால் தகடு வைக்கலாம். மணிக்கு நானூறு அடிக்கிற இடத்தில் அறுநூறு அடிக்கலாம்.

எதைச் செருகுவது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. குச்சி அதிர்ச்சியில் கழன்று விழும். அட்டை நசுங்கிப் போகும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆறு நம்பர்க்காரிதான் தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தக்கையாகச் செருகிப் பார்த்தாள். ஆணி அடித்தது போல நின்றது. அன்று சாயங்காலம் மேஸ்திரி அவள் பக்கம் வந்து பார்த்தபோது, திட்டப் போகிறார் என்று பயந்து அந்தத் தக்கையைப் பிடுங்கப் போனாள். அவரோ குனிந்து, அவள் காதருகே வாயை வைத்து, "உனக்கு மூளை இருக்கு ஆறு" என்றார். மறுநாள் தன்னுடைய பழைய செருப்பில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். வார் அறுந்த நீலச் செருப்பு. "நல்ல கனமான ரப்பர். இதுல பன்னிரண்டு வரும். எல்லாருக்கும் வெட்டிக் கொடு."

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வெட்டினாள். பதினோரு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அவளை யாரும் மெச்சியதில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, தாய்வீட்டில் இல்லை, கட்டிக்கொண்டவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு மாதம் எல்லாருக்கும் கையில் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அடுத்த மாதம் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இனிமேல் மணிக்கு அறுநூறு, குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். அதற்குப் பிறகு தக்கை இல்லாமல் யாராலும் உட்கார முடியாமல் போயிற்று. சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் மேஸ்திரி கூடத்தின் கோடியில் நின்று, விரலால் எதையோ பிடுங்குவது போலக் காட்டுவார். பன்னிரண்டு தக்கையும் இடுப்புக்குள் போய்விடும். அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனதும் திரும்ப ஏறிவிடும்.

ஏழாம் நம்பரில் இருந்தவள் ஆறு நம்பர்க்காரியின் நாத்தனார். கட்டினவன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட, அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். "வீட்டுல உக்காந்து சுவரைப் பாத்துட்டு இருக்காதே, வா" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் ஏழில் உட்கார வைத்ததும் அண்ணிதான். தக்கையைச் செருகிக் காட்டியதும் அண்ணிதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில், ஏழு நம்பர்க்காரியின் இடது கை அரை நொடி முந்திக்கொண்டது. வலது கை இன்னும் தகட்டின் மேல் இருந்தது.

அவள் கத்தக்கூட இல்லை. கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, வேறு யாருடைய பொருளையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. மேஸ்திரி ஓடி வந்தார். துணி கொண்டுவரச் சொல்வதற்கு முன்னால், மிஷினை நிறுத்துவதற்கு முன்னால், வலது பொத்தானில் இருந்த தக்கையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆறு நம்பர்க்காரி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நாத்தனார், "பொத்தான்ல தக்கை வச்சிருந்தேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். டாக்டர் எழுதிக்கொண்டார். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நாத்தனாரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆறு நம்பர்க்காரிக்குத் தன் இடது கையின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒன்பது வருஷம் தானாக ஓடிய கை. இப்போது பொத்தானுக்கு மேலே போய் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. வலது கை வெளியே வந்துவிட்டதா என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது. பார்த்த பிறகும் முதுகில் வியர்வை வழிந்தது. மணிக்கு அறுநூறு அடித்தவள் முந்நூற்றைம்பதுக்கு வந்தாள். பக்கத்தில் ஐந்தாம் நம்பரில் இருப்பவளுக்கு வானொலி என்று பட்டப்பெயர். மிஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது. அவள்தான் சாப்பிடும்போது சொன்னாள்:

"ஏன்க்கா இப்படி நடுங்குறே? நீயே நடுங்கினா நாங்க எங்க போறது? உன்னைப் பாத்தாலே எனக்கும் கை வர மாட்டேங்குது."

"அப்போ பாக்காதே."

"பாக்காம எப்படி? பக்கத்துல கெடக்கியே."

நடுங்கியது இவள் மட்டும் இல்லை. மீதமிருந்த பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு எண்ணிக்கை விழுந்திருந்தது. எட்டு மிஷின் மெதுவாக ஓடினால் முதலாளிக்குத் தூக்கம் வருமா? ஒரு சனிக்கிழமை மிஷின்களை நிறுத்தி, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டார்கள். சுவரில் ஒரு துணி கட்டினார்கள். 'பயத்தை வெல்வோம், பணியில் உயர்வோம்' என்று எழுதியிருந்தது. ஒரு பேச்சாளர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கன்னத்தோடு ஒட்டிய மைக். கையில் ஒரு வெட்டுக் காயம்கூட இல்லாத மனிதர்.

"மிஷின் உங்க எதிரி இல்லை! உங்க மனசுதான் உங்க எதிரி! எங்கே, எல்லாரும் உங்க தோளை நீங்களே தட்டிக்கொடுங்க பாப்போம்!"

தட்டிக்கொடுத்தார்கள். வானொலி தன் தோளோடு நில்லாமல் ஆறு நம்பர்க்காரியின் தோளையும் தட்டினாள். "பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்துச் சிரிங்க!" என்றார். சிரித்தார்கள். பெஞ்சிலும் நம்பர் வரிசைதான்; ஏழாம் நம்பர் காலியாக இருந்ததால் ஆறு நம்பர்க்காரி ஒரு பக்கம் மட்டும் சிரிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்தார். "உங்க பயம் என்னவோ அதை இதுல எழுதுங்க. பேர் வேண்டாம். மடிச்சு இந்த டப்பாவுல போடுங்க. நான் கொண்டுபோய்க் கொளுத்திடுவேன். அதோட உங்க பயம் சாம்பல்!"

இவ்வளவு நேரம் உள்ளுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள்தான். ஆனாலும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியதும் அவளுக்கு என்னவோ செய்தது. இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது. கொளுத்திவிடுவாராமே. எழுதினாள்: 'தக்கை நான் வெட்டியது. அவள் அதை வீட்டில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.' நாலாக மடித்துப் போட்டாள். திரும்பி வரும்போது உண்மையாகவே கொஞ்சம் லேசாக இருந்தது. அதை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு வயிறு எரிந்தது.

டப்பா மேஸ்திரியின் அறைக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, மேசை மேல் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று தட்டச்சு செய்தது. இன்னொன்று அவள் நாலாக மடித்தது.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா ஆறு? ஒன்பது வருஷமா வருகைப் பதிவுல பாத்துட்டு இருக்கேன்."

அவள் தன் காகிதத்தை எடுக்கக் கையை நீட்டினாள்; அவர் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பயப்படாதே. உன்னை மாட்டிவிடவா கூப்பிட்டேன்? வியாழக்கிழமை தொழிலாளர் அதிகாரி விசாரணைக்கு வராங்க. தக்கை எங்கேருந்து வந்ததுன்னு கேப்பாங்க. இதுல எழுதியிருக்கு பாரு. ஏழு நம்பர் தானே செஞ்சு, மேலிடத்துக்குத் தெரியாம, தானே வச்சுக்கிட்டா. பக்கத்து மிஷின்காரி நீ. சொந்தக்காரி வேற. நீ கையெழுத்துப் போட்டா அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"அவளுக்கு நஷ்ட ஈடு ஒண்ணும் கிடைக்காம போயிடுமே."

"கம்பெனி அப்படியா விட்டுடும்? பாத்துச் செய்யும். உனக்கும் செய்யும். அடுத்த மாசத்துலேருந்து நீ மிஷின்ல உக்கார வேண்டாம். எண்ணிக்கை எழுதுற வேலை. நாற்காலி, நோட்டு, பேனா. கை நடுங்கினா யாரு கேக்கப்போறா?" அவர் அந்த மடித்த காகிதத்தை விரலால் தட்டினார். "கையெழுத்துப் போட்டா தக்கை அவ செஞ்சது. போடலேன்னா நீ செஞ்சது. அப்புறம் உன் இஷ்டம்."

எழுந்து வரும்போது பின்னாலிருந்து, "தைரியமா இரு ஆறு. நான் இருக்கேன்ல?" என்றார். நாலு வருஷத்துக்கு முன்னால் மூளை இருக்கு என்று சொன்ன அதே குரல்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அது ஒரே அறை, தடுப்புக்குப் பின்னால் சமையல். மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டாள். நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளின் பழைய நோட்டில் இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் நோட்டை விட்டு வெளியே நடக்கப் பார்த்தது.

"அத்தை, உங்க எழுத்து ஒண்ணாம் கிளாஸ் மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"ஒண்ணாம் கிளாஸ்தானே படிக்கிறேன். அடுத்த வருஷம் பாஸ் பண்ணிடுவேன்."

புருஷன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அன்று சீக்கிரமே வந்திருந்தான். விஷயத்தை முதல் நாளே அவனிடம் பாதி சொல்லியிருந்தாள். கையெழுத்துக் கேட்கிறார்கள் என்ற பாதி. தக்கை யார் வெட்டியது என்ற பாதியைச் சொல்லவில்லை. சோற்றையும் பருப்பையும் மேசை நடுவில் வைத்து, அவித்த முட்டைகளை உரித்து வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தான்.

"போட்டுடு. வேற வழி இல்லை."

சோற்றைப் பிசைந்துகொண்டே தொடர்ந்தான். "நான் என்ன கெட்ட எண்ணத்துலயா சொல்றேன்? என் கூடப் பொறந்தவ. எனக்கு வலிக்காதா? ஆனா போன விரல் திரும்ப வருமா? இருக்கிற வேலையும் போச்சுன்னா என் ஒருத்தன் வண்டியை நம்பி நாலு பேர். இவளுக்கு நான் இருக்கேன். சோறு போடாமலா விட்டுடுவேன்?"

"போடுவே அண்ணா. நல்லாத் தெரியும்" என்றாள் நாத்தனார். இடது கையில் கரண்டி பிடித்துச் சோற்றை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். "பிசைஞ்சும் போடுவியா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டு, மழை என்றும் பாராமல் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். நல்லவன்தான். நல்லவர்களுக்கும் பயம் வந்தால் வாயிலிருந்து இப்படித்தான் வரும். மகள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "போய்ப் பக்கத்து வீட்டுல அளவுகோல் வாங்கிட்டு வா" என்று நாத்தனாரே அவளை அனுப்பினாள்.

இரண்டு பேரும் தனியானார்கள். இந்த இரண்டு மாதத்தில் அண்ணி அவளுக்குத் தலை பின்னிவிட்டாள், சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிட்டாள், புண்ணுக்குக் கட்டு மாற்றினாள். கண்ணைப் பார்த்து மட்டும் பேசவில்லை.

"அண்ணி, டாக்டர்கிட்ட நான் உன் பேரைச் சொல்லலை. அண்ணன்கிட்டயும் சொல்லலை. ஏன்னு நீ ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே?"

"பயம்."

"என்ன பயம்? அடிச்சிடுவேன்னா? எதை வச்சு அடிப்பேன்?"

அண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கேட்டா நீ மன்னிச்சிட்டேன்னு சொல்லுவியோ, இல்லை மன்னிக்கலைன்னு சொல்லுவியோ. ரெண்டுமே எனக்குத் தாங்காது."

"மன்னிக்கலை" என்றாள் நாத்தனார். ஏதோ உப்பு கொஞ்சம் குறைச்சல் என்பது போலத்தான் சொன்னாள். "காலைல பல் விளக்கும்போது உன் மேல ஆத்திரம் ஆத்திரமா வருது. சாயங்காலம் நீ களைச்சுப்போய் வந்து நிக்கும்போது கொஞ்சம் குறையுது. மறுநாள் காலைல திரும்ப வருது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் மன்னிச்சாத்தான் நீ நாளைக்கு வாயைத் திறப்பியா?"

"அவர்கிட்ட என் காகிதம் இருக்கு. நான்தான் வெட்டினேன்னு என் கைப்பட எழுதினது."

"எழுதினது பொய்யா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? வெட்டினது நீ. வச்சது நான். அதை எடுக்க முடியாம எண்ணிக்கையை ஏத்திவிட்டது அவங்க. என் பங்கை நான் அங்கேயே கொடுத்துட்டு வந்துட்டேன்." அவள் வலது கையை மேசையின் மேல் வைத்தாள். இடது கையையும் பக்கத்தில் விரித்து வைத்தாள். "பாத்தியா? அஞ்சும் ரெண்டும். இனிமே நான் சும்மா கையை விரிச்சாலே ஏழு நம்பர்தான். வேற நம்பருக்கு மாத்தவே முடியாது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அண்ணியால் சிரிக்க முடியவில்லை. 

"எனக்கு அந்த மிஷின் முன்னாடி உக்காரவே நடுக்கமா இருக்கு. இதுல அத்தனை பேர் முன்னாடி எப்படிப் பேசுவேன்?"

"நடுங்கிட்டே பேசு. நடுங்காம இருந்தவதான் நான். பாட்டை முணுமுணுத்துட்டே தட்டிட்டு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மேஸ்திரி கொடுத்த அந்தச் செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

"எந்தச் செருப்பு?"

"நடிக்காதே அண்ணி. நீ ஒரு நூலைக்கூடத் தூக்கிப் போட மாட்டே."

சமையல் தடுப்புக்குப் பின்னால், அரிசி டின்னுக்கு அடியில், அதே செய்தித்தாளில் அது இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. மேலாளரின் அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஜலதோஷத்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்த ஒரு நடுத்தர வயது அம்மாள். மேலாளர் ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம். சுவரோரப் பெஞ்சில் நாத்தனார், கையை மடியில் மூடி வைத்திருந்தாள். சாட்சி சொல்ல ஆறு நம்பர்க்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் சாப்பாட்டுப் பையோடு உள்ளே போனாள். மேஸ்திரி பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக நீட்டினார்.

"இதைப் படிச்சீங்களா? இதுல உள்ளது சரிதானே?" என்றார் அதிகாரி.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இத்தனை வருஷம் இரைச்சலுக்குள்ளேயே பேசிப் பழகிய தொண்டைக்கு, இந்த அமைதியான அறையில் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று தெரியவில்லை. பெஞ்சுப் பக்கம் பார்த்தாள். நாத்தனார் ஜாடை எதுவும் காட்டவில்லை, தைரியம் சொல்லவில்லை. இவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"தப்பு" என்றாள். பட்டறையில் கத்துவது போலவே வந்துவிட்டது. மேலாளர் திடுக்கிட்டார். "தக்கையை அவ செய்யலைங்க. நான்தான் வெட்டினேன். அவளுக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டு மிஷினுக்கும் வெட்டினேன். இவரு சொல்லி வெட்டினேன்."

மேஸ்திரி, "என்ன ஆறு, தலை கிலை சுத்துதா?" என்று சிரித்தார்.

அவள் பையைத் திறந்து செய்தித்தாளைப் பிரித்தாள். செருப்பை மேசை மேல் வைத்தபோது கை நடுங்கிய நடுக்கத்தில் அது இரண்டு தடவை டப டப என்று தட்டியது. நீலச் செருப்பு. அதில் வரிசையாகப் பன்னிரண்டு சதுர ஓட்டை. பெருவிரல் பதிந்த இடம் ஆழமாகக் குழிந்திருந்தது. குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது.

அதிகாரி மூக்கை உறிஞ்சியபடி செருப்பைப் பார்த்தார். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து மேஸ்திரியின் காலைப் பார்த்தார். மேஸ்திரி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இழுத்தும் என்ன? அவர் நடக்கிற நடையே குதிகாலை வெளிப்பக்கம் அழுத்தித்தான் என்பது பட்டறைக்கே தெரியும். இப்போது போட்டிருந்த செருப்பும் அதே இடத்தில் அதே மாதிரி தேய்ந்திருந்தது.

"அடிபட்டப்போ இவரு முதல்ல தக்கையைத்தான் பிடுங்கினாரு. அப்புறம்தான் மிஷினை நிறுத்தினாரு. நான் பாத்தேன்."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், "நீங்க வெட்டிக் கொடுத்ததையும் நான் எழுதித்தான் ஆகணும். உங்க மேலயும் நடவடிக்கை வரலாம், தெரியுமில்ல?" என்றார்.

"எழுதிக்குங்க."

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவும்போது, பின்னால் யாராவது வருகிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நாத்தனாரின் கண்ணைப் பார்க்க முடிந்தது. நாத்தனார், "கத்தாம பேசியிருக்கலாம். அந்தம்மாவுக்குக் காதும் அடைச்சிருக்கும்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய பாராட்டு. பன்னிரண்டு தக்கைக்குக் கிடைத்த பாராட்டைவிட அது பெரிதாகத் தெரிந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் மீதிப் பாதியையும் சொன்னாள். அவன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் சோறு கேட்டான்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. தப்பில் பாதி தொழிலாளியுடையது என்று சொல்லி, நாத்தனாருக்குப் பாதி நஷ்ட ஈடு. ஆறு நம்பர்க்காரிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. மேஸ்திரியை அதே முதலாளியின் இன்னொரு பட்டறைக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குக் கீழே இருபத்து நாலு மிஷின் என்று கேள்வி. சுவரில் 'தக்கை வைப்பது குற்றம்' என்று புது அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் மணிக்கு அறுநூறு என்ற பழைய காகிதம் அப்படியே இருந்தது. அதை மட்டும் யாரும் கிழிக்கவில்லை.

ஆறு நம்பர்க்காரி தக்கை இல்லாமல் இரண்டு கையாலும் அமுக்கினாள். தகடு வை, கையை எடு, இரண்டு பொத்தான், தட்டு. மணிக்கு நானூறு. கை நடுங்கவில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பிடித்தம் அவர்களுக்கும்தானே விழுந்தது? நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் வானொலி மட்டும் மெல்ல நகர்ந்து வந்தாள். சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு சிவப்புச் செருப்பு.

"அக்கா, கோவிச்சுக்காதே. எனக்கு இந்தத் தடவை சம்பளம் பாதிதான் வந்துச்சு. ரெண்டு பிள்ளைங்கக்கா. நான் வெட்டினா நிக்க மாட்டேங்குது. உன் கை ராசி. ஒண்ணே ஒண்ணு வெட்டிக் கொடேன்."

"அவ கையைப் பாத்தேல்ல?"

"பாத்தேன். அதனாலதான் ஜாக்கிரதையா வச்சுக்கிறேன்னு சொல்றேன்."

அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. "மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். வானொலி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். யார் வெட்டினார்களோ, அந்த வாரக் கடைசிக்குள் சிவப்பு ரப்பர் ஒவ்வொரு மிஷினாக ஏறிவிட்டது. புது மேஸ்திரி கண்டும் காணாமல் நடந்தார்.

திங்கட்கிழமை ஏழாம் நம்பரில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். இருபது வயது இருக்கும். வேலை கிடைத்த சந்தோஷம் முகமெல்லாம் வழிந்தது. அவளுடைய வலது பொத்தானில் சிவப்பாக ஒரு துண்டு. ஆறு நம்பர்க்காரி தன் மிஷினை நிறுத்தினாள். எழுந்து போய், எல்லாரும் பார்க்க, புது மேஸ்திரியும் பார்க்க, அந்தத் தக்கையைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பயம் என்ற ஒன்று அப்போது அவளிடம் துளிகூட இல்லை. புதுப் பெண் எழுந்து என்னவோ கத்தினாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு என்ன வந்தது என்று கேட்கிறாள் என்பது வாயசைவில் தெரிந்தது.

இவளும் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. கடைசியில் இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே தூக்கினாள். இடது கையை முழுசாக விரித்தாள். வலது கையில் நடு மூன்று விரலையும் மடக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டினாள்.

ஐந்தில், எட்டில், ஒன்பதில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புதுப் பெண் இரண்டு கையையும் உற்றுப் பார்த்தாள், எண்ணினாள். கோபம் வடிந்து அவள் முகம் மலர்ந்தது. தனக்குத் தன் நம்பரைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு அவளும் இரண்டு கையையும் தூக்கினாள். இடது கையை விரித்து, வலது கையில் நடு மூன்று விரலையும் மடக்கி, அதே மாதிரி காட்டினாள். சரிதானே என்று கேட்பது போலச் சிரித்தாள். பிறகு குனிந்து தரையில் தேடி, தக்கையை எடுத்துத் துடைத்து, திரும்பவும் பொத்தானில் செருகினாள்.